சர்ட்டிபிகேட் சோதனையை ஆப் செய்யலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சில மாதங்களுக்குள்ளாகவே ஓர் எச்சரிக்கையைச் சந்தித்துவிடுவார்கள். பிரவுசரில் தளம் திறக்காது; அதற்குப் பதிலாக, உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்ற பொருளில் திரை முழுவதும் ஒரு செய்தி வரும். அல்லது நேற்று வரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சாப்ட்வேர், அப்டேட் செய்த மறுநாள் "சர்ட்டிபிகேட் வெரிஃபை பெயில்ட்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். பங்குச் சந்தை விலையைக் காட்டும் சிறிய புரோகிராம், வாசல் கேமராவைப் பார்க்கும் சாப்ட்வேர், சாட் சாப்ட்வேர் என்று அது எதுவாகவும் இருக்கலாம்.

தெரிந்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "செட்டிங்ஸில் எஸ்எஸ்எல் வெரிபிகேஷன் என்று ஒன்று இருக்கும். அதில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடுங்கள், சரியாகிவிடும்."

டிக் அடையாளத்தை எடுத்தவுடன் எர்ரர் செய்தி மறைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் எர்ரர் வந்த காரணம் அப்படியே இருக்கும். அதைப் பார்த்துச் சொல்லும் கண்ணைத்தான் நாம் கட்டிவிட்டிருப்போம். வீட்டில் கம்ப்யூட்டர் பயன்படுத்துபவர்கள் இந்த யோசனையை ஏற்கவே கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம். கொஞ்சம் டெக்னிக்கலான விஷயம்தான். பொறுமையாகப் படித்தால் புதியவர்களுக்கும் புரிந்துவிடும்.

வெப்சாக்கெட் என்றால் என்ன?

நீங்கள் ஒரு வெப் தளத்தின் முகவரியை டைப் செய்து என்டர் கீயை அழுத்துகிறீர்கள். பிரவுசர் சர்வரிடம் கேட்கிறது, சர்வர் பக்கத்தை அனுப்புகிறது. அத்துடன் பேச்சு முடிந்தது. இது கடிதம் எழுதிப் பதில் பெறுவது போன்றது.

ஆனால் கிரிக்கெட் ஸ்கோர், பங்கு விலை, சாட் போன்றவற்றுக்கு இது போதாது. நாம் கேட்காமலேயே புதிய தகவல் வந்துகொண்டிருக்க வேண்டும். இதற்காக உருவாக்கப்பட்டதே வெப்சாக்கெட். 2011 டிசம்பரில் இது இன்டர்நெட் தரமாக வெளியிடப்பட்டது. ஒரு முறை டயல் செய்துவிட்டு, போனை வைக்காமல் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருப்பது போன்றது இது.

இதில் இரண்டு வகை உண்டு. டபிள்யூஎஸ் என்று தொடங்கும் முகவரியில் பேச்சு வெளிப்படையாகச் செல்லும். டபிள்யூஎஸ்எஸ் என்று தொடங்கினால் பேச்சு ரகசியக் குறியீடாக மாற்றப்பட்டுச் செல்லும். எச்டிடிபிக்கும் எச்டிடிபிஎஸ்ஸுக்கும் உள்ள அதே வேறுபாடுதான். இந்தப் பாதுகாப்பைத் தரும் முறையை இன்றும் எஸ்எஸ்எல் என்றே அழைக்கிறோம். 1995ல் நெட்ஸ்கேப் நிறுவனம் வெளியிட்டது எஸ்எஸ்எல். 1999ல் அதன் இடத்திற்கு டிஎல்எஸ் வந்தது. இன்று நம் கம்ப்யூட்டர்கள் பயன்படுத்துவது டிஎல்எஸ்தான் என்றாலும், பழைய பெயரே வழக்கில் நிலைத்துவிட்டது.

போனை எடுத்தவர் யார்?

ரகசியக் குறியீடு இருந்தால் போதாதா, சர்ட்டிபிகேட் எதற்கு என்று கேட்கலாம். போனில் யாருக்கும் கேட்காதபடி மெதுவாகப் பேசுகிறீர்கள். ஆனால் மறுமுனையில் இருப்பவர் நீங்கள் நினைத்தவரே அல்ல என்றால் மெதுவாகப் பேசி என்ன பயன்? திருடனிடமே ரகசியமாகச் சொன்னதாகத்தானே ஆகும்?

மறுமுனையில் இருப்பவர் யார் என்பதை உறுதி செய்வதுதான் சர்ட்டிபிகேட்டின் வேலை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மார்க் ஷீட் நகலில் கெஸட்டட் ஆபீசரிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்கிய அனுபவம் பலருக்கும் இருக்கும். நகலை வாங்குபவருக்கு உங்களைத் தெரியாது. ஆனால் கையெழுத்துப் போட்ட அதிகாரியின் பதவியை அவர் நம்புகிறார். இங்கும் அதே கதைதான். ஒரு தளத்தின் சர்ட்டிபிகேட்டில் அதை வழங்கிய நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். எந்தெந்த நிறுவனங்களின் கையெழுத்தை நம்பலாம் என்று ஒரு பட்டியல் உங்கள் கம்ப்யூட்டரில் முன்பே இருக்கும்.

புரோகிராம் முக்கியமாக மூன்று கேள்விகளைக் கேட்கிறது.

1. இதில் கையெழுத்துப் போட்டவர் என் பட்டியலில் இருப்பவரா?
2. இதில் எழுதியுள்ள பெயரும், நான் தேடி வந்த தளத்தின் பெயரும் ஒன்றா?
3. இதன் காலக்கெடு இன்னும் முடியாமல் இருக்கிறதா?

மூன்றுக்கும் "ஆம்" என்றால்தான் இணைப்பு கிடைக்கும். ஒன்றில் சறுக்கினாலும் எர்ரர்தான்.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. சர்ட்டிபிகேட் சரியாக இருந்தால், தேடிய பெயருள்ள தளத்திடம்தான் பேசுகிறீர்கள் என்று பொருள். அந்தத் தளத்தை நடத்துபவர் நல்லவர் என்று பொருள் அல்ல. மோசடித் தளங்களும் தங்கள் பெயருக்கு முறையான சர்ட்டிபிகேட் வாங்கலாம். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் 2023ல் குரோம் பிரவுசர் முகவரிக் கட்டத்தில் இருந்த பூட்டுப் படத்தை எடுத்துவிட்டு வேறு படத்தை வைத்தது.

லைப்ரரியை மாற்றினால் ஏன் தகராறு?

இப்போது விஷயத்திற்கு வருவோம். சாப்ட்வேர் எழுதுபவர்கள் எல்லாவற்றையும் முதலில் இருந்து எழுதுவதில்லை. வெப்சாக்கெட்டில் பேசும் வேலையை யாரோ எழுதி வைத்த ஒரு லைப்ரரியிடம் ஒப்படைத்துவிடுவார்கள். பிறகு வேகம் போதவில்லை, பராமரிப்பு இல்லை என்று ஏதோ ஒரு காரணத்தால் வேறு லைப்ரரிக்கு மாறுவார்கள். உங்களுக்குக் கிடைப்பது "புதிய வெர்ஷன்" மட்டுமே. உள்ளே லைப்ரரி மாறியது உங்களுக்குத் தெரியாது. சர்வர் அதேதான், சர்ட்டிபிகேட்டும் அதேதான். ஆனால் எர்ரர் மட்டும் புதிதாக வருகிறது. எப்படி?

முதல் காரணம், பட்டியல் வேறு. நம்பத்தக்க நிறுவனங்களின் பட்டியல் ஒரே இடத்தில் இல்லை. விண்டோஸ் தனக்கென ஒன்றை வைத்திருக்கிறது. பயர்பாக்ஸ் தனக்கென ஒன்றை வைத்திருக்கிறது. குரோமும் 2022 முதல் படிப்படியாகச் சொந்தப் பட்டியலுக்கு மாறிவிட்டது. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட சில புரோகிராம்கள் விண்டோஸ் பட்டியலைப் பார்க்கும். வேறு சில, மொசில்லா பட்டியலின் நகலைத் தம்முடனேயே எடுத்து வரும். நோட் ஜேஎஸ் வழக்கமாகத் தன்னுடன் வரும் பட்டியலையே பார்க்கும். ஆகவே ஒரு லைப்ரரிக்குத் தெரிந்த கையெழுத்து இன்னொன்றுக்குத் தெரியாமல் போகலாம்.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. 2014 ஜூலையில், நேஷனல் இன்பர்மேட்டிக்ஸ் சென்டரின் சர்ட்டிபிகேட் வழங்கும் பிரிவிலிருந்து, கூகுள் நிறுவனத்தின் சில தளப் பெயர்களுக்கு அனுமதியற்ற சர்ட்டிபிகேட்கள் வெளியாகியிருந்ததைக் கூகுள் கண்டுபிடித்தது. அந்தப் பிரிவுக்கு மேலே இருந்த இந்திய அரசின் கன்ட்ரோலர் ஆப் சர்ட்டிபையிங் அதாரிட்டீஸ் அமைப்பின் கையெழுத்து விண்டோஸ் பட்டியலில் இருந்தது. ஆகவே விண்டோஸ் பட்டியலை நம்பிய புரோகிராம்கள் ஆபத்தில் இருந்தன. பயர்பாக்ஸின் சொந்தப் பட்டியலில் அந்தக் கையெழுத்து இல்லாததால் அதைப் பயன்படுத்தியவர்களுக்குப் பாதிப்பு இல்லை. ஒரே கம்ப்யூட்டர், ஒரே சர்ட்டிபிகேட், இரண்டு விதமான தீர்ப்பு! அந்தச் சர்ட்டிபிகேட்களுக்கு வழிவிட்ட இடைநிலைச் சர்ட்டிபிகேட்கள் உடனே ரத்து செய்யப்பட்டன.

இரண்டாவது காரணம், செட்டிங் எழுதும் முறை வேறு. பைத்தானில் வெப்சாக்கெட்-கிளையன்ட், வெப்சாக்கெட்ஸ் என்று இரண்டு லைப்ரரிகள் பிரபலம். முதலாவதில் எஸ்எஸ்எல் செட்டிங்குகளைச் சிறிய பட்டியலாக எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டாவதில் எஸ்எஸ்எல் கான்டெக்ஸ்ட் என்ற ஒன்றைத் தனியாகத் தயாரித்துக் கொடுக்க வேண்டும். ஒன்றில் எழுதியதை அப்படியே மற்றதில் ஒட்ட முடியாது. நோட் ஜேஎஸ் மொழிச்சூழலில் உள்ள டபிள்யூஎஸ் லைப்ரரியில் இந்தச் செட்டிங்குகளின் பெயர்களே வேறு.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. பழையது சோதனையே செய்யாமல் இருந்திருக்கலாம். பழைய புரோகிராமை எழுதியவர் எப்போதோ சோதனையை நிறுத்தி வைத்திருப்பார். புதிய லைப்ரரிக்கு மாறியபோது அந்தச் செட்டிங் விடுபட்டுப் போயிருக்கும். இப்போதுதான் முதல் முறையாக யாரோ சர்ட்டிபிகேட்டைத் திறந்து பார்க்கிறார்கள்.

பைத்தான் மொழியிலேயே இது பெரிய அளவில் நடந்தது. 2014 டிசம்பரில் வந்த 2.7.9 வெர்ஷனுக்கு முன்பு, பைத்தானுடன் வரும் எச்டிடிபிஎஸ் லைப்ரரிகள் சர்ட்டிபிகேட்டைத் தாமாகச் சோதிப்பதில்லை. அந்த வெர்ஷனிலிருந்து சோதனை இயல்பாகவே நடக்கும்படி மாற்றினார்கள். சோதனையில் தேறாத சர்வர்களோடு பேசிக்கொண்டிருந்த பழைய புரோகிராம்கள் உடனே நின்றன. "புதிய பைத்தான் கெட்டுவிட்டது" என்று சொல்வது எளிது. உண்மையில் பழையதுதான் கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

அபார்ட்மென்ட் கேட்டில் பழைய வாட்ச்மேன் யாரையும் கேட்காமல் உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். புதிதாக வந்தவர் அடையாள அட்டை கேட்கிறார். நாலு பேருக்கு எரிச்சல் வருகிறது. அதற்காகப் புதியவரை வேலையை விட்டு அனுப்பிவிடுவோமா?

சோதனை இல்லாவிட்டால் என்ன ஆகும்?

நீங்கள் ரயில் நிலையத்திலோ ஓட்டலிலோ இலவச வைஃபையில் இணைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வைஃபையை நடத்துபவரோ, அதே பெயரில் போலி வைஃபை வைத்திருப்பவரோ உங்களுக்கும் சர்வருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ள முடியும். உங்கள் புரோகிராம் பங்குத் தரகரின் சர்வரைத் தேடும்போது "நான்தான் அது" என்று தானே தயாரித்த சர்ட்டிபிகேட்டை நீட்டுவார். சோதனை இருந்தால் அங்கேயே பிடிபடுவார். சோதனை இல்லை என்றால் உங்கள் பாஸ்வேர்டைப் பெற்றுக்கொண்டு, உண்மையான சர்வரிடம் தானே பேசி, விலைகளை உங்களுக்கு அனுப்பிக்கொண்டிருப்பார். உங்கள் திரையில் எல்லாம் வழக்கம்போலவே தெரியும். விலையை மாற்றிக் காட்டவும் அவரால் முடியும்.

வெப்சாக்கெட்டில் இந்த ஆபத்து நீண்ட நேரம் நீடிக்கும். இணைப்பு தொடங்கும்போது ஒரு முறைதான் சர்ட்டிபிகேட் பார்க்கப்படுகிறது. அதன் பிறகு மணிக்கணக்கில் அதே இணைப்பில் பேச்சு நடக்கிறது. வாசலில் ஒரு முறை ஏமாந்தால் நாள் முழுவதும் திருடன் வீட்டுக்குள்ளேயே இருப்பான்.

இதெல்லாம் கற்பனை என்று நினைக்க வேண்டாம். 2012ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் பிரிவையும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், பிரவுசர் அல்லாத சாப்ட்வேர்கள் சர்ட்டிபிகேட்டை எப்படிச் சோதிக்கின்றன என்று ஆராய்ந்தார்கள். பணம் செலுத்தும் லைப்ரரிகளிலேயே ஓட்டைகள் இருந்தன. அமேசானின் பணம் செலுத்தும் சேவைக்கான பிஎச்பி லைப்ரரி ஒன்றில் நடந்தது வேடிக்கையானது. பெயரைச் சோதிக்கும் செட்டிங்கிற்கு 2 என்ற எண்ணைத் தர வேண்டும். எழுதியவர் "ட்ரூ", அதாவது "ஆம்" என்று எழுதிவிட்டார். அதை கம்ப்யூட்டர் 1 என்று எடுத்துக்கொண்டது. 1 என்றால் சர்ட்டிபிகேட்டில் ஏதோ ஒரு பெயர் இருந்தால் போதும் என்று பொருள்! சோதனையை ஆன் செய்வதாக நினைத்து ஆப் செய்துவிட்டார்கள். நல்ல எண்ணத்துடன் எழுதும்போதே இப்படி நடக்கிறது என்றால், வேண்டுமென்றே ஆப் செய்வதைப் பற்றி என்ன சொல்வது?

2015 பிப்ரவரியில் வெளிவந்த சூப்பர்ஃபிஷ் விவகாரமும் நினைவில் வைக்க வேண்டியது. லெனோவா நிறுவனம் தன் சில லேப்டாப்களில் முன்பே போட்டு அனுப்பிய இந்த விளம்பர சாப்ட்வேர், விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலில் தன் சர்ட்டிபிகேட்டையும் சேர்த்திருந்தது. எல்லா லேப்டாப்களிலும் ஒரே ரகசியச் சாவி! அந்தச் சாவியை ஆய்வாளர்கள் எளிதில் வெளியே எடுத்துக் காட்டினார்கள். அது கிடைத்த எவரும் அந்த லேப்டாப்களை ஏமாற்றும் போலிச் சர்ட்டிபிகேட்களைத் தயாரித்திருக்க முடியும். புத்தம் புதிய கம்ப்யூட்டர் என்பதாலேயே எல்லாம் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

எதிர்ப்புறம் சொல்வதிலும் நியாயம் உண்டு

சோதனையை நிறுத்தச் சொல்பவர்கள் எல்லாரும் பொறுப்பற்றவர்கள் அல்லர். அவர்கள் சொல்வதையும் கேட்போம்.

"காலக்கெடு நேற்றுதான் முடிந்திருக்கிறது. ஒரே நாளில் நல்ல சர்வர் திருட்டு சர்வர் ஆகிவிடுமா?" ஆகாதுதான். பல நேரங்களில் இது சர்வரைப் பார்த்துக்கொள்பவரின் மறதி. ஆனால் ரத்து செய்யப்பட்ட சர்ட்டிபிகேட்களின் பட்டியலில், காலக்கெடு முடிந்தவற்றைத் தொடர்ந்து வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே காலாவதியான சர்ட்டிபிகேட் திருடப்பட்டதா இல்லையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இல்லாமல் போகலாம். ஒரு நாள் காத்திருங்கள். அல்லது தளத்தாருக்குத் தெரிவியுங்கள். இந்தக் காலக்கெடு வேகமாகக் குறைந்தும் வருகிறது. 2020 செப்டம்பர் முதல் அதிகபட்சம் 398 நாட்கள் என்று இருந்தது. 2026 மார்ச் 15 முதல் 200 நாட்கள், 2027 மார்ச் 15 முதல் 100 நாட்கள், 2029 மார்ச் 15 முதல் 47 நாட்கள் என்று 2025 ஏப்ரலில் முடிவு செய்திருக்கிறார்கள். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு செய்யாத தளங்களில் இந்த எர்ரரை இனி அடிக்கடி பார்க்க நேரலாம். ஒவ்வொரு முறையும் டிக்கை எடுத்துக்கொண்டிருந்தால் அதுவே பழக்கமாகிவிடும்.

"என் வீட்டு ரவுட்டர், என் வீட்டு கேமரா. நடுவில் யார் வரப் போகிறார்கள்?" இது வலுவான கேள்வி. வீட்டுக் கருவிகள் பல, தமக்குத் தாமே கையெழுத்துப் போட்டுக்கொண்ட சர்ட்டிபிகேட்டுடன் வருகின்றன. எந்தப் பட்டியலிலும் அவை இருக்காது. எர்ரர் வருவது இயல்பு. ஆனால் இதற்கும் சோதனையை நிறுத்தத் தேவை இல்லை. "இந்த ஒரு சர்ட்டிபிகேட்டை மட்டும் நம்பு" என்று சொல்ல வழி இருக்கிறது. மேலே சொன்ன மூன்று லைப்ரரிகளிலும் குறிப்பிட்ட சர்ட்டிபிகேட் பைலைக் கொடுக்கும் வசதி உண்டு. தெரிந்த உறவினர் ஒருவரை வாட்ச்மேனுக்கு அறிமுகப்படுத்தி வைப்பது போன்றது இது. கேட்டைத் திறந்து போட்டுவிடுவது வேறு விஷயம். மேலும், இன்று வீட்டுக்குள் இருக்கும் லேப்டாப் நாளை ரயிலில் போகும். ஆப் செய்த செட்டிங்கும் கூடவே போகும்.

"நான் புரோகிராம் எழுதிப் பழகுகிறேன், சோதித்துப் பார்க்கத்தான்." சொந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே சர்வரும் புரோகிராமும் ஓடும்போது, ரகசியத் தகவல் எதுவும் இல்லாமல் சில நிமிடங்கள் செய்து பார்ப்பதில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் பழக எழுதிய வரி அப்படியே நிஜ புரோகிராமுக்குள் போய்விடுவதுதான் வழக்கம். பைத்தானில் இதைச் செய்யும்போது பெயர்ச் சோதனையை முதலில் நிறுத்திவிட்டுத்தான் சர்ட்டிபிகேட் சோதனையை நிறுத்த முடியும். மாற்றிச் செய்தால் எர்ரர் வரும். இதைக் கண்டு எரிச்சல் அடைய வேண்டாம். இரண்டு கதவுகளையும் தெரிந்தேதான் திறக்கிறாயா என்று அது கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த விஷயத்தில் பிரவுசர்கள் கறாரானவை. ஒரு வெப் பக்கத்தில் எழுதப்படும் வெப்சாக்கெட் புரோகிராமில் சோதனையை நிறுத்தும் செட்டிங்கே கிடையாது. சர்ட்டிபிகேட் தவறென்றால் இணைப்பு கிடைக்காது, அவ்வளவுதான். கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் பிரவுசர் இந்த வசதி இல்லாமலேயே நடக்கிறது. மற்ற சாப்ட்வேர்களுக்கு மட்டும் ஏன் வேண்டும்?

எர்ரர் வந்தால் என்ன செய்வது?

கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகவே இருக்கும்.

1. தேதியைப் பாருங்கள். திரையின் மூலையில் உள்ள தேதியும் வருடமும் சரியா? வருடம் தவறாக இருந்தால் பல தளங்களுக்கும் எர்ரர் வரும். கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பின்னால் போகிறது என்றால் மதர்போர்டில் உள்ள சிறிய பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். பல டெஸ்க்டாப்களில் அது சிஆர்2032 என்ற வகை. விலை மிகக் குறைவு. மாற்றிவிட்டுத் தேதியைச் சரி செய்யுங்கள்.

2. வைஃபை லாகின் பாக்கி இருக்கிறதா? ஓட்டல், விமான நிலையம் போன்ற இடங்களில் முதலில் அவர்களுடைய லாகின் பக்கத்தைத் திறக்க வேண்டும். அதற்கு முன் எந்தத் தளத்தைக் கேட்டாலும் எச்சரிக்கை வரலாம்.

3. அப்டேட் செய்யுங்கள். நம்பிக்கைப் பட்டியலில் உள்ள சர்ட்டிபிகேட்களுக்கும் காலக்கெடு உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று, இலவசமாகச் சர்ட்டிபிகேட் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு சார்ந்திருந்த ஒரு பழைய ரூட் சர்ட்டிபிகேட் காலாவதியானது. பல வருடங்களாக அப்டேட் செய்யாத கருவிகளில் நல்ல தளங்களும் அன்று திறக்கவில்லை. விண்டோஸ் 7 பயன்படுத்துபவர்கள் கவனிக்கவும்: அதற்கான மைக்ரோசாப்ட் ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது.

4. முகவரியைப் பாருங்கள். ஓர் எழுத்துத் தவறினாலும் அது வேறு தளம். வீட்டுக் கருவியைப் பெயரால் அழைக்காமல் ஐபி எண்ணால் அழைத்தாலும் பெயர்ப் பொருத்தம் இல்லாமல் போகும்.

5. ஆன்டிவைரஸைக் கவனியுங்கள். சில ஆன்டிவைரஸ்கள் எச்டிடிபிஎஸ் பேச்சையும் பிரித்துப் பார்க்கின்றன. அதற்காகத் தம் கையெழுத்தை விண்டோஸ் பட்டியலில் சேர்த்துவிடுகின்றன. சொந்தப் பட்டியல் வைத்திருக்கும் புரோகிராமுக்கு அந்தக் கையெழுத்து தெரியாது. பிரவுசர் வேலை செய்கிறது, ஒரு சாப்ட்வேர் மட்டும் செய்யவில்லை என்றால் இதைச் சந்தேகிக்கலாம். ஆன்டிவைரஸ் செட்டிங்ஸில் அந்த ஒரு சாப்ட்வேருக்கு மட்டும் விலக்கு அளிக்க முடியுமா என்று பாருங்கள்.

6. வேறு இணைப்பில் முயன்று பாருங்கள். மொபைல் டேட்டாவில் லேப்டாப்பை இணைத்து அதே சாப்ட்வேரைத் திறங்கள். அப்போது எர்ரர் வரவில்லை என்றால் கோளாறு முதல் இணைப்பில் இருக்கிறது. அதில் பாஸ்வேர்ட் எதையும் தர வேண்டாம். வேறு ஒரு கம்ப்யூட்டரிலும் எர்ரர் வந்தால் கோளாறு பெரும்பாலும் சர்வரில்தான். அதைச் சரி செய்ய வேண்டியது அதை நடத்துபவர்.

முன்பே யாராவது உங்கள் கம்ப்யூட்டரில் சோதனையை நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள். நீங்கள் பயன்படுத்தும் சாப்ட்வேர்களின் செட்டிங்ஸில் "இக்னோர் சர்ட்டிபிகேட் எர்ரர்ஸ்", "அலோ இன்செக்யூர்", "டிரஸ்ட் ஆல்" போன்ற வாசகங்களில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். "வெரிஃபை சர்ட்டிபிகேட்" என்பதில் டிக் இல்லாவிட்டால் போட்டுவிடுங்கள்.

சாப்ட்வேர் தருபவர்களுக்கு

ஒரு சிறிய செட்டிங்கை வைத்து, எர்ரர் வந்தால் அதை ஆப் செய்யும்படி சொல்லி அனுப்புவது உங்களுக்கு எளிதாக இருக்கலாம். ஆனால் அதன் விளைவைச் சுமப்பவர் சென்ற மாதம் கம்ப்யூட்டர் வாங்கிய ஒருவர். சேமிப்புக் கணக்கின் பாஸ்வேர்டும், குழந்தைகள் விளையாடும் அறையின் கேமராவும் அந்த இணைப்பில் இருக்கலாம். லைப்ரரியை மாற்றும்போது பழைய செட்டிங்கை அப்படியே எடுத்துச் செல்லாதீர்கள். அது ஏன் வைக்கப்பட்டது என்று ஒரு முறை கேளுங்கள். சர்வரில் முறையான சர்ட்டிபிகேட் போடுங்கள்; இலவசமாகவே கிடைக்கிறது. எர்ரர் செய்தியிலும் வெறும் "பெயில்ட்" என்று போடாமல், தேதி தவறா, பெயர் தவறா, கையெழுத்து தெரியவில்லையா என்று மூன்றில் ஒன்றைச் சொல்லுங்கள். மக்கள் தாங்களே சரி செய்துகொள்வார்கள்.

வாசகர்களாகிய உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாராவது டிக்கை எடுத்துவிடச் சொன்னால், "மூன்று கேள்விகளில் எது தவறிப் போனது?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் தெரிந்தவர் கோளாறைச் சரி செய்து தருவார். பதில் தெரியாதவரிடம் உங்கள் கம்ப்யூட்டரைக் கொடுக்காதீர்கள்.